சக்கரவர்த்தியின் இடுப்பளவு

இருபத்திரண்டு வருஷம் அவர் நின்றே சம்பளம் வாங்கினார். ரயில் நிலையத்தின் வெளிவாசலில், இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, வண்டியை விட்டு இறங்கி வருகிறவர்களிடம் டிக்கெட்டைக் கேட்டு வாங்கி, ஓரத்தைக் கிழித்துத் தகரப் பெட்டிக்குள் போடுவது வேலை. டிக்கெட் இல்லாதவன் எந்தப் பக்கம் நழுவுவான், எந்தப் பெண்மணி எட்டு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து "கைக்குழந்தைங்க" என்பாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். டிக்கெட்காரர் என்பதுதான் தெருவில் அவருக்குப் பெயர்.

ஆள் பார்வைக்கு விசேஷமாக ஒன்றுமில்லை. உடம்பு நீளம், கால் குட்டை, இடுப்பு நல்ல அகலம். உட்கார்ந்திருக்கையில் பார்த்தால் ஆறடி உயரம் என்று தோன்றும். எழுந்து நின்றால் இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லையோ என்று தோன்றும். கல்யாணமான புதிதில் அவர் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர், "பரவால்ல மாப்ளே, எழுந்திருக்காதீங்க, உக்காருங்க" என்று உபசாரம் செய்தபோது, மாப்பிள்ளை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

இதே வார்ப்பில் நாட்டில் இன்னொரு உடம்பும் இருந்தது. அது யாருடையது என்பது சீருடை தைக்கும் தையல்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் வாயைத் திறக்காமல் இருந்தார். வாயில் எப்போதும் குண்டூசி இருந்ததும் ஒரு காரணம்.

நாட்டின் தலைவர் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வெறும் தலைவராகத்தான் இருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து சக்கரவர்த்தி ஆனார். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று சபையில் கேட்டார்களாம். ஒருவர்கூடத் தூக்கவில்லை, எல்லோருடைய கையும் தட்டுவதில் மும்முரமாக இருந்தது. அவர் போட்ட முதல் உத்தரவு வரியைப் பற்றியதல்ல, படையைப் பற்றியதுமல்ல. நாற்காலியைப் பற்றியது. தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியும் மீன்வளத்துறை அமைச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் ஒரே கடையில் வாங்கியவை என்பதை அன்றைக்குத்தான் கவனித்திருக்கிறார். இப்படி இருந்தால் யார் சக்கரவர்த்தி என்று வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதை அவரே உணர்ந்திருந்தார்.

ஆசன இலாகா என்று புதிதாக ஒன்று முளைத்தது. அதற்கு இயக்குநராக மிருகக்காட்சிசாலை அதிகாரியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஏகாதிபத்திய பாணி என்றால் சிங்கமும் கழுகும்தானே, அவற்றோடு பழகியவர் நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள். அவர் ராப்பகலாக வரைந்து தள்ளினார். நாற்காலிகளை ஏழு தரமாகப் பிரித்தார். முதல் தரத்துக்குச் சிங்கக் கால், கழுகுத்தலை வைத்த கைப்பிடி, ஆளுயர முதுகு. இரண்டாம் தரத்துக்குக் கழுகு உண்டு, ஆனால் அலகை மூடியிருக்கும். அப்படியே இறங்கி இறங்கி, ஏழாம் தரத்துக்கு வரும்போது மூன்று காலும் ஒரு பலகையும் மிஞ்சின. குமாஸ்தாக்கள் ஐந்தாம் தரம். ஐந்தாம் தரத்துக்குக் கைப்பிடி கிடையாது. ஆகவே ஒரு வியாழக்கிழமை காலை ரம்பத்தோடு ஆட்கள் அலுவலகம் அலுவலகமாகப் போனார்கள். சாயங்காலத்துக்குள் தலைநகரத்தில் நாலாயிரம் நாற்காலிகள் கையிழந்தன. பழக்கதோஷத்தில் முழங்கையை ஊன்றப்போய்க் கீழே சாய்ந்த குமாஸ்தாக்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

பொதுஜனத்துக்கு எந்தத் தரம் என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். இயக்குநர் யோசித்தார். எல்லாப் பொது இடத்திலும் சக்கரவர்த்தியின் படம் மாட்டியிருக்கிறது. படம் இருக்கிற இடத்தில் அவர் இருப்பதாகத்தான் அர்த்தம். அவர் முன்னால் பொதுஜனம் உட்காரலாமா? ரயில் நிலையத்துப் பெஞ்சுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு தபாலாபீஸ், பிறகு ஆஸ்பத்திரி. வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்றால் ஜனங்கள் மூன்று மணி நேரமும் கால் கடுக்க நின்றார்கள். படத்தில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

டிக்கெட்காரரின் மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. வெந்நீரில் வெளுத்து வரும் படுக்கைவிரிப்புகளை உதறி மடித்து அடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தவள், சலவைக்கூடத்துச் சுவரில் படம் வந்த நாளிலிருந்து நின்று மடித்தாள். இரண்டே மாதத்தில் முழங்கால் இரண்டும் பந்து மாதிரி வீங்கிவிட்டன.

"ரெண்டு பேரும் நின்னே சம்பாதிக்கணும்னு தலையில எழுதியிருக்கு போல" என்றார் டிக்கெட்காரர், அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

"உங்க தலையில எழுதினான் சரி. என் முழங்கால்ல எதுக்குங்க எழுதினான்?" என்றாள் அவள்.

இப்படி இருக்கையில்தான், சிம்மாசனத்தில் சிக்கல் வந்தது. ஒன்பதடி முதுகு, நாலு சிங்கக் கால், வாய் திறந்த இரண்டு கழுகு என்று இயக்குநர் வரைந்து, சக்கரவர்த்தியே ஒப்புதல் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. ஆனால் அளவு வேண்டும். பின்பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று சக்கரவர்த்தியிடம் போய் நாடாவை நீட்டுவது யார்? அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தையல்காரரைப் பிடித்தார்கள். அவர் குண்டூசிகளைத் துப்பிவிட்டு, "அரச ரகசியத்தைச் சொல்ல மாட்டேங்க. ஆனா ஸ்டேஷன் வெளிவாசல்ல டிக்கெட் கிழிக்கிற ஆளைப் போய்ப் பாருங்க, ஒரு நூல் வித்தியாசம் இருக்காது" என்றார்.

மறுநாள் காலை பத்தே கால் வண்டி வந்து நின்ற நேரத்தில், பட்டுக்குஞ்சம் வைத்த தொப்பியோடு நாலு பேர் வந்து டிக்கெட்காரரின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டார்கள். அவர் திருதிருவென்று விழித்தார். இடுப்பு நாற்பத்தொன்று. முழங்காலுக்குக் கீழே பதினைந்தரை அங்குலம். நாலு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். அந்தக் கலவரத்தில் முந்நூறு பேர் டிக்கெட் கொடுக்காமல் வெளியேறினார்கள்.

அன்றிலிருந்து அவர் ஆசன இலாகாவின் பட்டறைக்கு வேலை மாறினார். பதவிக்குப் பெயர், மாதிரி. வேலை, உட்காருவது. காலையில் ஒன்பதுக்குப் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்குச் செதுக்கி முடித்த நாற்காலியில் உட்கார வேண்டும். மத்தியானம் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அவள் தம்பிதான் விழுந்து விழுந்து சிரித்தான். கடைத்தெருவில் சலூன் வைத்திருந்த அவன், மறுநாளே வாடிக்கைக்காரர்கள் எல்லோரிடமும், "எங்க மாமா யார் தெரியுமா? சக்கரவர்த்தியோட இடுப்பு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

பட்டறை ஒரு பழைய ரயில்பெட்டிக் கொட்டகை. மரத்தூளும் வஜ்ஜிரப் பசையின் நாற்றமும். அங்கே இருபது தச்சர்கள் சிங்கங்களின் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இருக்கைகளுக்குத் திணிப்பு வைப்பவள் ஒரு ஐம்பத்தைந்து வயசுக்காரி. எல்லோரும் மெத்தைக்காரம்மா என்பார்கள். முதல் வகுப்பு ரயில் இருக்கைகளுக்குக் குதிரைமயிர் திணித்தே தலை நரைத்தவள். டிக்கெட்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உக்காருங்க தம்பி. இந்த ஊர்ல சட்டப்படி உக்காரக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான்."

ஒன்பதடிச் சிம்மாசனம் ஜோடியாகத் தயாரானது. ஒன்று அரண்மனைக்கு, ஒன்று பட்டறையில் வைத்துச் சரிபார்க்க. இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்க, டிக்கெட்காரர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"சார், கால் எட்டல" என்றார்.

கொட்டகையில் உளிச் சத்தம் நின்றது. இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "யாரோட கால்?"

"என்னோட கால்தான் சார்."

"நீ யாரு?"

"டிக்கெட்..." என்று ஆரம்பித்தவர் திருத்திக்கொண்டார். "மாதிரி சார்."

"யாருக்கு மாதிரி? யோசிச்சுச் சொல்லு."

டிக்கெட்காரர் யோசித்தார். தன் கால் எட்டவில்லை என்றால் சக்கரவர்த்தியின் கால் எட்டவில்லை. சக்கரவர்த்தியின் கால் எட்டவில்லை என்று சொன்ன ஆளுக்கு இந்த நாட்டில் கழுத்துக்குத் தலை எட்டுமா என்பது சந்தேகம். அவர் அந்தரத்தில் தொங்கிய தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைக்காரம்மாதான் வாயில் இருந்த நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "கால் சரியாத்தான் சார் இருக்கு. தரைதான் தாழ்ந்து போயிருக்கு" என்றாள்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அரண்மனைத் தரையைச் சிம்மாசனத்தின் முன்னால் ஐந்து அங்குலம் உயர்த்தச் சொல்லி அன்றைக்கே கோப்பு போனது. காரணம் என்ற கட்டத்தில், 'தரையின் அலட்சியம்' என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்தது கழுகு. வாய் திறந்த அலகு கைப்பிடியின் மேல்பக்கம் வளைந்து நின்றது. பார்க்கக் கம்பீரம். முழங்கையை வைத்தால் சரியாக எலும்பில் போய்க் குத்தும். முதல் கால் மணி நேரம் தெரியாது. அரை மணியில் முழங்கை மரத்துப்போகும். முக்கால் மணியில் தோள்பட்டைக்கு ஏறும். ஒரு மணி நேரத்தில், எதிரே வருகிறவன் பெற்ற தகப்பனாக இருந்தாலும் அடிக்க வேண்டும் போலிருக்கும். முதுகிலோ சூரியக் கதிர்கள் பன்னிரண்டும் புடைப்பாகச் செதுக்கியிருந்தன. சாய்ந்தால் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரியும்.

இயக்குநர் படிவத்தை நீட்டினார். 'சௌகரியமாக உள்ளது' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம். சௌகரியமாக இல்லை என்று எழுதுவதற்குப் படிவமே இல்லை. சக்கரவர்த்தி ஒப்புதல் தந்த வரைபடம், அது எப்படிக் குத்தும்? டிக்கெட்காரர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பொய்க் கையெழுத்துப் போட்டார். முழங்கை மரத்திருந்ததால் கையெழுத்தும் அவருடையது மாதிரி இல்லை.

தர்பார் ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை. மனுக்காரர்கள் வரிசையாக வருவார்கள், சக்கரவர்த்தி தீர்ப்புச் சொல்வார். மறுநாள் செய்தித்தாளில் மனு எண்ணோடு தீர்ப்பும் வரும். டிக்கெட்காரர் பட்டறையில் இரட்டைச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே அதை வாசிப்பார், வேறு வேலை என்ன. மூன்று வாரம் வாசித்ததில் ஒன்று உறைத்தது. முதல் மூன்று மனுக்காரர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஒருத்தனுக்கு அவன் கேட்காத கறவைமாடுகூடக் கிடைத்திருந்தது. ஐந்தாவது, ஆறாவது ஆட்களுக்கு வெறுங்கை. ஒன்பதாவது ஆளுக்கு அபராதம். பன்னிரண்டாவது ஆள், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப்போய், இரண்டு வருஷம் உள்ளே போனான்.

அவர் செய்தித்தாளை மடியில் போட்டார். "அக்கா, இங்க வாங்களேன். ஒரு மனுவுக்கு அஞ்சு நிமிஷம் வெச்சுக்குங்க. ஒம்பதாவது ஆள் எப்ப வருவான்?"

"முக்கால் மணிக்கு."

"முக்கால் மணிக்கு எனக்குத் தோள்ல ஏறும்."

மெத்தைக்காரம்மா விரலை மடக்கிப் பார்த்தாள். பன்னிரண்டாவது ஆளுக்கு வந்தபோது நிறுத்திக்கொண்டாள். "அப்ப அந்தாளை உள்ள தள்ளினது சக்கரவர்த்தி இல்ல. என்னோட கழுகு" என்றாள். டிக்கெட்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. 'சௌகரியமாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்த கை எது என்று அவருக்குத் தெரியும். அதைக் கொண்டுதான் சாப்பிட வேண்டியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் மைத்துனன் வீட்டுக்கு ஓடிவந்தான். சிரிப்பெல்லாம் போயிருந்தது. சலூன் நாற்காலியை இலாகா ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அதற்குக் கைப்பிடி உண்டு, தலைக்கு மெத்தை உண்டு, காலுக்குப் பலகை உண்டு. இதுவே முதல் தரத்துக்குச் சமானம். அதற்கு மேல் ஒரு குற்றம்: மிதியை மிதித்தால், உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் உயர்ந்துகொண்டே போவான். காய்கறி வண்டிக்காரன் ஒருவன் சவரத்தின்போது மீன்வளத்துறை அமைச்சரை விட ஏழு அங்குலம் உயரத்தில் இருந்ததாக அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அக்கா, இப்ப எல்லாரையும் பெட்டி மேல உக்கார வெச்சுச் செரைக்கறேன். ஒருத்தர் காதை வெட்டிட்டேன்" என்றான்.

"காது இருக்கா, போச்சா?" என்றாள் அவன் அக்கா.

"கொஞ்சம் போச்சு. அது கெடக்கட்டும். தர்பார்ல மனு குடுத்திருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமை. பதினாலாம் நம்பர்."

டிக்கெட்காரர் கையிலிருந்த தைலப் புட்டியைக் கீழே வைத்தார். பன்னிரண்டுக்கே இரண்டு வருஷம். பதினாலுக்கு என்ன என்று அவர் முழங்கைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள் என்றால் முடியாது. கொடுத்த மனுவைத் திரும்பக் கேட்பது தர்பாரை அவமதிப்பது. அதற்கு ஒரு வருஷம்.

மறுநாள் அவரும் மெத்தைக்காரம்மாவும் பட்டறைச் சிம்மாசனத்தின் முன்னால் நின்றார்கள். தர்பாருக்கு முந்தின நாள் அரண்மனைக்குப் போய் இருக்கையைத் தட்டித் தூசி போக்கிவிட்டு வருவது அவள் முறை. அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. இரண்டு பேரும் நாலு நாள் வேலை செய்தார்கள். அலகின் மேல், அதே தங்க நிறத் தோலுக்கு அடியில், பஞ்சுப் பட்டை ஒன்று. சூரியக் கதிர்களுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் குதிரைமயிர். இருக்கையில் பழைய திணிப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று அடுக்காகப் புதுசு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிக்கெட்காரர் ஏறி உட்கார்ந்து, இந்த முறை உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்துதுக்கா."

"இப்ப?"

பதில் வரவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதே அளவில் இன்னொரு திணிப்பு, வியாழக்கிழமை தூசி தட்டப் போன மெத்தைக்காரம்மாவின் பையில் அரண்மனைக்குப் போனது.

வெள்ளிக்கிழமை நடந்ததை மைத்துனன் வந்து சொன்னான். சக்கரவர்த்தி வந்து உட்கார்ந்ததும் புருவத்தைத் தூக்கினாராம். பிறகு இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்துவிட்டு நன்றாகச் சாய்ந்துகொண்டாராம். முதல் நாலு மனுவுக்கு நல்ல தீர்ப்பு. ஐந்தாவது ஆள் எல்லைத் தகராறைப் பற்றி ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கியபோது, கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. தூங்கிவிட்டார்.

யார் எழுப்புவது? சக்கரவர்த்தி எழுந்திருக்கும்வரை சபையில் யாரும் அசையக்கூடாது என்பது இலாகாவின் சட்டம். எழுப்பவும் கூடாது, கண்ணை மூடி யோசிக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். அமைச்சர்கள் பதினோரு பேர், படைத்தளபதி, மனுக்காரர்கள் முப்பது பேர், எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். நாலு மணி நேரம். பிறகு சக்கரவர்த்தி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நல்லது, அப்படியே செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எதை அப்படியே செய்வது என்று தெரியாமல், ஒன்றும் செய்யாமல் விட்டார்கள். நாட்டுக்கு அது நல்ல வாரமாக அமைந்தது.

அடுத்த வெள்ளி ஐந்து மணி நேரம். அதற்கடுத்த வெள்ளி, நிதியமைச்சர் நின்றபடியே தூங்கி, மரியாதையாக முன்பக்கம் விழுந்தார். விழுந்து வணங்கினார் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பட்டறைக்கு உள்துறை அமைச்சரே வந்தார். பின்னால் இயக்குநர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். அமைச்சரின் கணுக்கால்கள் பூட்ஸுக்கு வெளியே பிதுங்கியிருந்தன. பட்டறைச் சிம்மாசனத்தின் அலகை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மெத்துனு இருக்கே" என்றார்.

"சௌகரியமா இருக்குங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார் டிக்கெட்காரர்.

"ரொம்ப சௌகரியமா இருக்கு. அதான் கஷ்டம். பழையபடி மாத்திடுங்க."

"பழையபடின்னா குத்துமுங்களே. சக்கரவர்த்திக்குக் குத்தணும்னு எழுதிக் குடுத்தீங்கன்னா மாத்திடறோம்" என்றாள் மெத்தைக்காரம்மா.

அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். எழுதிக் கொடுக்கிற விஷயமா அது. அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நாங்க மனுஷங்க இல்லையா? வாராவாரம் அஞ்சு மணி நேரம் நிக்கறோம். கால் என்னத்துக்கு ஆகும்?"

டிக்கெட்காரர் இருபத்திரண்டு வருஷத்தில் எந்த அதிகாரியையும் எதிர்த்துப் பேசியவரில்லை. பேச வேண்டும் என்று அப்போதும் நினைக்கவில்லை. அமைச்சர் கால் என்றதும் வீட்டில் இருக்கிற இரண்டு முழங்கால்கள் கண்முன் வந்து நின்றன, வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என் வீட்டுக்காரி தெனமும் ஒம்பது மணி நேரம் நிக்கறா சார். ஆஸ்பத்திரில. பெஞ்சை எடுத்துட்டீங்க."

"அது வேற. அங்க படம் இருக்கு."

"ஸ்டேஷன்லயும் இருக்கு. கர்ப்பிணிங்க தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. பெஞ்சைத் திருப்பிப் போட்டீங்கன்னா, அலகைப் பத்தி யோசிக்கலாம்."

அமைச்சர் அதிர்ந்துபோனார். படத்தின் முன்னால் உட்காருவதற்குச் சட்டத்தில் வழியே இல்லை என்றார் இயக்குநர். இருந்த ஒரு வழியை மெத்தைக்காரம்மா காட்டினாள்.

"படத்தை ரெண்டடி மேல மாட்டுங்க சார். அப்புறம் கீழ உக்காந்திருக்கிறவங்களைப் பாக்கணும்னா அவர் குனியணும். சக்கரவர்த்தி குனிவாரா?"

"குனிய மாட்டார்" என்றார் இயக்குநர் சட்டென்று.

"அப்ப அவர் பாக்கல. அவர் பாக்காத எடத்துல யார் உக்காந்தா என்ன?"

அமைச்சர் நின்ற இடத்திலேயே உத்தரவை எழுதினார். நாற்காலி கேட்கவில்லை, சிம்மாசனத்தை விட்டால் ஆறாம் தரத்துக்கு மேல் பட்டறையில் ஒன்றும் இல்லை, அவருடைய தரத்துக்கு இரண்டிலும் உட்காரக்கூடாது. டிக்கெட்காரர் சலூன் நாற்காலியையும் மெல்ல நுழைத்தார். அதுவும் கிடைத்தது, பதினெட்டு அங்குலத்துக்கு மேல் உயர்த்துவதில்லை என்ற நிபந்தனையோடு. அதன் பிறகு மைத்துனன் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் "சட்டம் எவ்வளவு அனுமதிக்குதோ அவ்வளவு தூக்கு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பதினாலாம் நம்பர் மனு பைசலாகிவிட்டதாக அடித்துவிட்டார்கள்.

பெஞ்சுகள் திரும்பி வந்தன. ஆனால் அமைச்சரிடம் பேசியபடி அலகை எப்படியும் வெளியே எடுத்தாக வேண்டும். அதுதான் இரண்டு பேரையும் உறுத்தியது. உள்ளே போன பன்னிரண்டாவது ஆளின் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. மெத்தைக்காரம்மா தூக்கம் வராதபடி இருக்கையில் இரண்டு அடுக்கைக் குறைத்தாள், அலகுக்கு நாலைந்து விதமான பஞ்சை வைத்துப் பார்த்தாள். டிக்கெட்காரர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். கடைசியில், முழங்கையின் கனத்தில் மெல்ல மெல்ல நசுங்கி, சரியாக ஐம்பது நிமிஷத்தில் அலகைக் காட்டுகிற மட்டமான ரகப் பஞ்சு ஒன்று அகப்பட்டது. வாராவாரம் தூசி தட்டப் போகையில் அவள் அதைப் புதுசாக மாற்றிவிடுவாள். அமைச்சரிடம் போய், பத்து மனுவுக்கு மேல் ஒரு தர்பாருக்கு வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். பத்தாவது மனு முடிந்து தீர்ப்புச் சொன்னதும் சக்கரவர்த்திக்கு முழங்கையில் சுருக்கென்று குத்தும், எழுந்து போய்விடுவார். அவருடைய நேர ஒழுங்கைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பாடம் சேர்த்தார்கள்.

இது மூன்று வருஷம் ஓடியது. சக்கரவர்த்தி வேளாவேளைக்கு உண்டு, நேரத்துக்கு எழுந்து, நாளொரு சுற்றும் பொழுதொரு மடிப்புமாகப் பெருத்தார். இடுப்பு நாற்பத்தெட்டு என்று தையல்காரர் ஜாடை காட்டினார். டிக்கெட்காரர் நாற்பத்தொன்றிலேயே நின்றார். இலாகா அவருக்குத் தினமும் இரண்டு மத்தியானச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. அதில் ஒன்றை அவர் மெத்தைக்காரம்மாவுக்குக் கொடுத்தார், அவள் பெருத்தாள். கடைசியில் நாற்பத்தெட்டு அங்குலத்தில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் கிடைத்துவிட, இவரை விடுவிக்க முடிவானது.

விடுவிப்பதிலும் ஒரு தகராறு. சம்பளப் பதிவேட்டில் மாதிரி என்ற பதவி எந்தப் பக்கத்திலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில், தளவாடப் பட்டியலில் இருந்தது. 'ஸ்டூல், உயரமானது, ஆறு. ஏணி, இரண்டு. மாதிரி, ஒன்று.' ஆகவே அவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது, கழித்துக்கட்டத்தான் முடியும் என்றார் பண்டகக் காப்பாளர். கழித்த சாமானை வெளியாள் ஒருவர் வந்து நிலையைப் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மனைவி அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். படிவத்தை நிதானமாகப் படித்தாள். "பொருளின் நிலைன்னு கேட்டிருக்கு. என்னங்க எழுத?"

"பாத்து எழுது."

அவள் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். 'முழங்கை தேய்மானம். மற்றபடி நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மெத்தைக்காரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, வேலை செய்கிற பாவனையில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் காவலாளி மறித்தான். கழித்த சாமான் வாசலைத் தாண்டி நடந்து போகக்கூடாது, வண்டியில்தான் போக வேண்டும், விதி. தச்சர்கள் சிரித்துக்கொண்டே தெருவிலிருந்து ஒரு கைவண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டிக்கெட்காரர் தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரர் தள்ள ஆரம்பித்தார். நாலடி கூடவே நடந்த மனைவி நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நகருங்க" என்றாள்.

அவர் கை கொடுத்தார். அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காவலாளி பட்டியலைப் பார்த்தான். ஒன்றுதான் என்று போட்டிருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தவன், அவள் பார்த்த பார்வையில் கதவைத் திறந்துவிட்டான்.

"எங்கம்மா போகணும்?" என்றார் வண்டிக்காரர்.

"கடைத்தெரு வழியாப் போங்க" என்றாள் அவள். "தம்பி கடையில நிறுத்தி இவருக்கு முடி வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்."